வாசலா, லைட் பாக்ஸா, கடற்கரையா, ஸ்டூடியோவா? ஓலைப் பெட்டியையும் சங்கையும் எங்கே வைத்துப் படம் எடுப்பது

ராமநாதபுரம் கடற்கரையில் ஓலைப் பெட்டி முடைகிறவர்களுக்கும், சங்கு சிப்பிச் சாமான் செய்கிறவர்களுக்கும், அவற்றை வாங்கி விற்கிறவர்களுக்கும் இப்போது கூடுதலாக ஒரு வேலை வந்து சேர்ந்திருக்கிறது. படம் அனுப்ப வேண்டும். கல்யாணத்துக்குத் தாம்பூலம் வைக்கக் கொட்டான் (சின்ன ஓலைப் பெட்டி) வேண்டும் என்று சென்னையிலிருந்து ஒருவர் கேட்டால், அடுத்த வரியே "போட்டோ அனுப்புங்க" என்பதுதான். பொருளைத் தொட்டுப் பார்க்காமல், படத்தைப் பார்த்தே விலை பேசுகிறார்கள். அதனால் படம் சுமாராக இருந்தால் அடிபடுவது முடைந்தவரின் கூலி.

எங்கே வைத்து எடுப்பது என்பதற்கு நாலு வழி இருக்கிறது. வீட்டு வாசல் வெளிச்சத்தில் போனிலேயே எடுக்கலாம். ஆன்லைனில் கிடைக்கிற மடக்கு லைட் பாக்ஸ் ஒன்றை வாங்கி அதற்குள் வைத்து எடுக்கலாம். கடற்கரைக்கே தூக்கிக்கொண்டு போகலாம். இல்லையென்றால் ராமநாதபுரத்திலோ மதுரையிலோ ஸ்டூடியோவில் கொடுத்துவிடலாம். நான் வாசல் பக்கம் சாய்கிற ஆள், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் பொருள் ஓலையா சங்கா என்பதைப் பொறுத்து இந்தச் சாய்வு மாறும். படம் யார் கண்ணுக்குப் போகிறது என்பதைப் பொறுத்தும் மாறும். எந்தக் கேமரா என்பதுதான் எல்லோரும் முதலில் கேட்கிற கேள்வி. அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம்.

ஓலை கேட்கிற வெளிச்சம்

பனங்குருத்தோலையில் முடைந்த புதுக் கொட்டான் யானைத் தந்தத்தின் நிறத்தில் இருக்கும். நாளாக ஆகத் தேன் நிறத்துக்குப் போகும். ஒரு கீற்று இன்னொரு கீற்றின் மேல் ஏறி இறங்கும் இடத்தில் இருக்கிற மேடு பள்ளம் ஓலையின் தடிமன் அளவுதான். அந்தச் சின்ன மேடு பள்ளம் படத்தில் விழுந்தால்தான் கைவேலை தெரியும். கேமரா இருக்கும் பக்கத்திலிருந்தே வெளிச்சம் விழுந்தால் நிழலுக்கு இடமில்லை. பின்னல் மறைந்து, பெட்டி பிளாஸ்டிக்கில் அச்சடித்தது போலத் தெரியும். போனின் பிளாஷ் செய்கிற கெடுதல் இதுதான். வெளிச்சம் பக்கவாட்டில் வந்து பெட்டியின் மேல் உரசிக்கொண்டு போனால், ஒவ்வொரு கீற்றுக்கும் ஓரத்தில் ஒரு மெல்லிய நிழல் விழும். பின்னல் எழுந்து நிற்கும்.

கொட்டானுக்கு அடி சதுரம், வாய் வட்டம். அந்தச் சதுரம் மேலேறி வட்டமாக மாறுகிற இடத்தில் நாலு மூலை இருக்கிறது. முடைகிறவரின் கை எப்படிப்பட்டது என்பது அங்கேதான் தெரியும். நல்ல கை என்றால் மூலையில் ஓலை வெடித்திருக்காது, கீற்றுக்கு நடுவே இடைவெளி இருக்காது, மேலே போகப் போகப் பின்னல் சாயாது. கீழக்கரைப் பக்கம் பெட்டி முடைகிற ஒரு அக்காவிடம், "லாத்தா, இந்த மூலையக் கிட்டத்துல எடுக்கவா?" என்று கேட்டதற்கு, "வேற எதை எடுப்பீங்க தம்பி, மூலையப் பாத்துத்தானே வாங்குவாக" என்றார். அவர் சொன்னதற்கு மேல் எந்தப் பாடமும் வேண்டாம். முழுப் பெட்டி ஒன்று, மூலை ஒன்று, வாயில் ஈர்க்கு வைத்து நாரால் கட்டின விளிம்பு ஒன்று, கவிழ்த்து வைத்த அடிப்பாகம் ஒன்று. மூடி உள்ள பெட்டி என்றால் மூடியைப் பாதி திறந்து இன்னொன்று. மூடி எவ்வளவு ஆழம் இறங்கி உட்காருகிறது என்று வாங்குகிறவர் பார்ப்பார்.

ஆகவே எந்த வழியைத் தேர்ந்தாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: அங்கே வெளிச்சத்தின் திசை நம் கையில் இருக்கிறதா?

வாசல்

வாசல் வழியில் திசை உங்கள் கையில் இருக்கிறது. பொருளை நகர்த்தினால் போதும். வீட்டுக்குள், வாசற்படியிலிருந்து மூன்று நாலு அடி தள்ளி ஒரு ஸ்டூலைப் போடுங்கள். கதவைத் தவிர மற்ற வெளிச்சத்தை அடைத்துவிடுங்கள், டியூப்லைட்டையும் அணைத்துவிடுங்கள். பகல் வெளிச்சமும் டியூப்லைட்டும் கலந்தால் பெட்டியின் ஒரு பக்கம் நீலம், இன்னொரு பக்கம் பச்சை கலந்த மஞ்சள் என்று ஆகிவிடும், பிறகு எந்த ஆப்பாலும் சரி செய்ய முடியாது. வாசல் உங்களுக்கு இடப்பக்கமோ வலப்பக்கமோ வருகிற மாதிரி நின்று எடுங்கள். எதிர்ப்பக்க நிழல் ரொம்பக் கருப்பாக இருந்தால் ஒரு வெள்ளை சார்ட் அட்டையை அங்கே நிறுத்துங்கள். கொஞ்சம் கிட்டே கொண்டுவந்தால் நிழல் இளகும், தள்ளினால் இறுகும்.

பொருளை வாசலிலிருந்து எவ்வளவு தள்ளுகிறோம் என்பதும் முக்கியம். படிக்கு ஒட்டி வைத்தால் ஒரு பக்கம் பளீரென்று, மறு பக்கம் இருட்டு. உள்ளே போகப் போக வெளிச்சம் குறையும், ஆனால் பெட்டி முழுக்கச் சமமாகப் பரவும். வெளிச்சம் குறைவது பற்றிக் கவலை வேண்டாம். பெட்டி அசையப் போவதில்லை. போனை ஒரு ஸ்டாண்டில் வைத்து இரண்டு வினாடி டைமர் போட்டால், இருட்டில்கூட ஆடாமல் எடுக்கலாம். அசையாத பொருளைப் படமெடுப்பதில் உள்ள பெரிய வசதியே இதுதான்.

எந்தத் திசை வாசல்? வடக்கு ஜன்னல் என்றுதான் புகைப்படப் பாடங்கள் சொல்கின்றன. அந்தப் பாடங்கள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் எழுதப்பட்டவை. அங்கே சூரியன் வருஷம் முழுக்கத் தெற்குப் பக்கமே சாய்ந்து போகும், வடக்கு ஜன்னலில் வெயில் அதிகம் விழாது. நம் ஊர் பூமத்திய ரேகையிலிருந்து ஒன்பது பாகைக்குச் சற்று மேலேதான் இருக்கிறது. சித்திரை பிறக்கிற சமயத்தில் உச்சிவெயில் நேர் தலைக்கு மேல் வந்து, அதன் பிறகு வடக்கே போய்விடும். ஆவணி நடுவில் மறுபடி தலைக்கு மேல் வந்து தெற்கே திரும்பும். ஆனி, ஆடியில் வடக்கு வாசலில் வெயில் அடிக்கும். அப்போது நாள் முழுக்க நிழலாக, மிருதுவாக இருப்பது தெற்கு வாசல். மார்கழி, தையில் இது தலைகீழ். வடக்கு வாசல் இல்லையே என்று வருத்தப்படுகிறவர்கள் கொல்லைக் கதவைத் திறந்து பார்க்கலாம். வருஷத்தில் சில மாசம் உங்கள் வீட்டுக்கும் நல்ல ஜன்னல் இருக்கிறது.

கிழக்கு வாசல் மட்டும்தான் உண்டு என்றால் மதியத்துக்கு மேல், மேற்கு வாசல் என்றால் காலையில். இடையில் வெயில் உள்ளே விழுந்தால் ஒரு பழைய வெள்ளை வேட்டியைக் கதவில் தொங்கவிடுங்கள். மல்லு வேட்டி, துவைத்துத் துவைத்து மெலிந்தது, இதற்கு ரொம்பப் பொருத்தம். வெளிச்சத்தை மிருதுவாக்கக் காசு கொடுத்து வாங்குகிற டிஃப்யூசர் துணியும் இதே வேலையைத்தான் செய்கிறது. கரை உள்ள பக்கத்தை மடித்து மேலே விட்டுவிடுங்கள், இல்லையென்றால் சிவப்போ பச்சையோ கோடாக ஓலையில் விழும்.

சுவர் நிறத்தையும் பார்க்க வேண்டும். இந்தக் கரையோர வீடுகளில் கிளிப்பச்சை, ஆகாச நீலம், ரோஸ் என்று அடித்திருப்பார்கள். பார்க்க அழகுதான், ஆனால் பச்சைச் சுவரிலிருந்து தெறிக்கிற வெளிச்சம் குருத்தோலையைப் பழுக்காத மாங்காய் நிறத்துக்குக் கொண்டுபோய்விடும். பக்கத்துச் சுவரில் ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பைத் தொங்கவிட்டால் தீர்ந்தது.

பின்னணிக்குக் கடப்பைக் கல், சிமெண்ட் தரை, பழைய வல்லத்துப் (நாட்டுப் படகு) பலகை எல்லாம் நன்றாக இருக்கும். பாய் வேண்டாம். பின்னலுக்குக் கீழே பின்னல் வைத்தால் கண் எதைப் பார்ப்பது என்று தெரியாமல் அலையும். நிறைய பேர் "பாரம்பரியமாக இருக்கட்டும்" என்று பாய், குத்துவிளக்கு, மல்லிகைப்பூ, செம்புத் தண்ணீர் எல்லாவற்றையும் சேர்த்து வைக்கிறார்கள். அப்புறம் வாங்குகிறவர் செம்பு என்ன விலை என்று கேட்கிறார்.

வாசல் வழியின் குறை என்ன? நேரம். காலை பத்து மணிக்கு எடுத்ததும் மாலை நாலு மணிக்கு எடுத்ததும் ஒரே நிறத்தில் இருக்காது. மேகம் ஓடுகிற நாளில் பத்து நிமிஷத்துக்குள்ளேயே மாறும். ஐப்பசி, கார்த்திகை மழை நாளில் மதியம் மூன்று மணிக்கே இருட்டிவிடும். நூறு வகைப் பொருளை ஒரே மாதிரி எடுத்து கேட்டலாக் போட நினைக்கிறவருக்கு இது எரிச்சலைத் தரும். ஒரு வழி உண்டு: ஒவ்வொரு முறை பொருளை மாற்றும்போதும் ஒரு சாம்பல் நிற அட்டையை வைத்து ஒரு படம் எடுத்துக்கொண்டால், பின்னால் நிறத்தை அதை வைத்துச் சமன் செய்யலாம். செய்கிறவர்கள் கம்மி என்பது வேறு விஷயம்.

லைட் பாக்ஸ்

வெள்ளைத் துணிச் சுவர்களும் மேலே எல்.இ.டி. பட்டையும் உள்ள சின்னப் பெட்டி ஆயிரம் ரூபாய்க்குள்ளேயே கிடைக்கிறது. ராத்திரி எடுக்கலாம், மழையில் எடுக்கலாம், நூறு பொருளும் ஒரே மாதிரி வரும். அமேசான் மாதிரித் தளத்தில் கடை போடுகிறவருக்கு இது கிட்டத்தட்டக் கட்டாயம். அங்கே முதல் படத்தில் பின்னணி சுத்த வெள்ளையாக இருக்க வேண்டும், பொருள் படத்தின் 85 சதவீதத்தை நிரப்ப வேண்டும் என்று விதி இருக்கிறது. வாசலில் எடுத்த படத்திலிருந்து பின்னணியை வெட்டி வெள்ளையாக்கினால் ஓலை நுனிகளும் நார்ப் பிசிறுகளும் சேர்ந்து வெட்டுப்படும்.

ஆனால் ஓலைக்கு இந்தப் பெட்டி எதிரி. எல்லாப் பக்கமிருந்தும் வெளிச்சம் வருவதுதான் அதன் பெருமை. ஓலைக்கு வேண்டாததும் அதுதான். பின்னலின் நிழல்கள் எல்லாம் நிரம்பிப் போய்விடும். இதைப் பாதி சரி செய்யலாம். ஒரு பக்கச் சுவருக்கு உட்புறம் கருப்பு சார்ட்டை நிறுத்துங்கள். மேல் பட்டையை நடுவிலிருந்து எதிர்ப் பக்க ஓரத்துக்குத் தள்ளுங்கள். அப்போது ஒரு பக்கம் வெளிச்சம், ஒரு பக்கம் நிழல் என்று திசை வந்துவிடும். ஏறக்குறைய வாசல் மாதிரி. அப்படியானால் வாசலிலேயே எடுக்கலாமே என்று தோன்றினால், தோன்றுவது சரிதான்.

சாய ஓலையில் வேறொரு சிக்கல். மிட்டாய்ப் பெட்டிகளிலும் விசிறிகளிலும் வருகிற அந்த அடர்ந்த ரோஸ் நிறம் மலிவான எல்.இ.டி. வெளிச்சத்தில் செத்துப்போகும், ஏனென்றால் அந்த விளக்குகளில் சிவப்பு குறைவு. பகல் வெளிச்சத்திலோ எதிர்ப் பிரச்சினை: போன் அந்த ரோஸை அளவுக்கு மீறித் தூக்கிக் காட்டும், கீற்றுக்குக் கீற்று வித்தியாசம் தெரியாமல் ஒரே சாயத் திட்டாக வழியும். திரையில் பொருளின் மேல் விரலை அழுத்திப் பிடித்து, வெளிச்சத்தை ஒரு படி குறைத்து எடுத்தால் கீற்றுகள் திரும்பி வரும். விளக்கு வாங்குகிறவர்கள், நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்று சொல்கிற சி.ஆர்.ஐ. எண் 95-க்கு மேல் போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்கவும். நிறம் தப்பாகப் போனால் பொருள் திரும்பி வரும், கூரியர் காசும் உங்கள் தலையில்.

சங்குக்கு வேறு கணக்கு

ஓலை வெளிச்சத்தைக் குடிக்கும்; பாலிஷ் போட்ட சங்கு அதைத் திருப்பி அடிக்கும். எதிரில் இருப்பதெல்லாம் அதில் தெரியும்: கதவு, ஜன்னல் கம்பி, போனைப் பிடித்திருக்கிற கை. சங்குக்கு அதனால் பெரிய, மிருதுவான வெளிச்சம் வேண்டும். வேட்டி தொங்கவிட்ட வாசலும் சரி, லைட் பாக்ஸும் சரி, இரண்டுமே ஒத்துவரும். இங்கே லைட் பாக்ஸுக்கு ஒரு மதிப்பெண் கூடுதலாகவே கொடுப்பேன்.

வெள்ளைச் சங்கை வெள்ளைப் பின்னணியில் வைத்தால் விளிம்பு கரைந்துவிடும். இரண்டு பக்கமும், சட்டகத்துக்கு வெளியே, கருப்பு அட்டைத் துண்டுகளை நிறுத்துங்கள். சங்கின் ஓரத்தில் ஒரு மெல்லிய கருங்கோடு பிரதிபலிக்கும்; உருவம் வெட்டின மாதிரி வெளியே வரும். வெள்ளைதான் வேண்டும் என்ற கட்டாயம் இல்லாவிட்டால் கருப்போ அடர்ந்த சாம்பலோ பின்னணியாக வைப்பது இன்னும் மேல். அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் எட்வர்ட் வெஸ்டன் 1927-இல் நாட்டிலஸ் என்ற கடல் உயிரியின் ஓட்டைத் தன்னந்தனியாகக் கருப்புக்கு எதிரே நிறுத்தி எடுத்த படம் இன்றைக்கும் பேசப்படுகிறது. 1930-இல் அவர் ஒரு குடமிளகாயைத் தகரப் புனலுக்குள் வைத்து எடுத்தார். புனலின் வளைவே வெளிச்சத்தைச் சுற்றிலும் திருப்பிக் கொடுத்தது. நம் வீட்டு எவர்சில்வர் தாம்பாளத்தைச் சரித்து வைத்தால் அதுவும் இந்த வேலையைச் செய்யும். வாங்க வேண்டிய சாமான் இல்லை.

வெள்ளைப் பின்னணியில் வெள்ளைப் பொருளை எடுக்கும்போது கேமரா தானாக வெளிச்சத்தைக் குறைத்து, சங்கைச் சாம்பலாக்கிவிடும். ஒரு படி கூட்டுங்கள். அதே சமயம் பளபளப்பு விழுகிற இடம் வெளுத்துப் போகிறதா என்றும் பாருங்கள்.

முத்துச்சிப்பி வேலைப்பாட்டுக்கு இது எதுவும் பொருந்தாது. சிப்பியின் உள்பக்கத்தில் தெரிகிற அந்த ரோஸும் பச்சையும் சாயமல்ல. மெல்லிய அடுக்குகளில் வெளிச்சம் பட்டுத் திரும்புவதால் உண்டாகும் நிறம், கோணம் மாறினால் மாறும். எல்லாப் பக்கமிருந்தும் வெளிச்சம் வந்தால் வெளுத்துவிடும். வாசல் பக்கம் உட்கார்ந்து, சிப்பியைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்து, நிறம் எரிகிற கோணத்தில் நிறுத்தி எடுக்க வேண்டும். வேறு குறுக்கு வழி கிடையாது.

கடற்கரை

கடல் பக்கத்திலேயே இருக்கிறது, பொருளும் கடல் சார்ந்தது, அங்கேயே எடுத்தால் என்ன என்று எல்லோருக்கும் தோன்றும். விற்பனைப் படத்துக்குக் கடற்கரையைப் போல மோசமான இடம் இல்லை என்பது என் கட்சி. கொட்டான் காற்றில் உருளும். மணல் கீழிருந்து வெளிச்சத்தைத் தெறிக்கவிட்டு, அடியில் விழ வேண்டிய நிழலைத் தின்றுவிடும். பெட்டி அந்தரத்தில் மிதக்கிற மாதிரி இருக்கும். உப்புக் காற்று லென்ஸில் படலமாகப் படிந்து படமே புகையாக வரும். அதை வேட்டி நுனியால் துடைத்தால் மணல் துகள் கீறிவிடும். முதலில் ஊதி மணலைப் போக்கி, பிறகு நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றி எடுக்க வேண்டும்.

ஆனால் ஒரே ஒரு படத்துக்குக் கடற்கரை தேவைப்படும்: அந்தப் பொருள் எந்த ஊருடையது என்று சொல்கிற படம். கண்காட்சிக்கோ, குழுவின் பக்கத்தில் முகப்பாகவோ வைக்க, மீன் பறியோ ஓலைப் பெட்டியோ வல்லத்தின் ஓரத்தில் இருக்கிற ஒரு படம். அதற்குப் போகிறீர்கள் என்றால் எந்தக் கடலுக்குப் போவது என்பதைக் காற்றைப் பார்த்து முடிவு செய்யுங்கள். பாம்பன், மண்டபம் பக்கத்து மீனவர்கள் இதைப் பிறவியிலிருந்தே கணக்குப் போடுகிறவர்கள். ஆனி, ஆடிக் காற்றில் தென்கடல் கொந்தளிக்கும்போது வடகடல் அமைதியாகக் கிடக்கும். வாடை அடிக்கிற மாசங்களில் வடகடல் புரளும், தென்கடல் அடங்கியிருக்கும். வடகடலான பாக் விரிகுடாவும் தென்கடலான மன்னார் வளைகுடாவும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால், காரை எடுத்தால் அரைமணி நேரத்தில் கடலையே மாற்றிக்கொள்ளலாம். வேறு எந்த மாவட்டத்துப் படக்காரருக்கும் இந்த வசதி எளிதில் கிடைக்காது. போகிற நேரம் விடிந்து முக்கால் மணிக்குள், அல்லது வெயில் இறங்கிய பிறகு.

அங்கே போனதும் கரையில் கிடக்கிற பவளத் துண்டு, கடல் விசிறி, காய்ந்த கடல்குதிரை எதையும் அழகுக்காக எடுத்துப் பக்கத்தில் வைக்காதீர்கள். இவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறவை. செத்துக் கிடந்தாலும் எடுத்துவைத்திருப்பது குற்றம். விற்பனைப் படத்திலேயே அது தெரிந்தால் நீங்களே சாட்சி எழுதிக் கொடுத்த மாதிரி. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்காவுக்குள் வருகின்றன. படகு பிடித்துத் தீவில் இறங்கிப் படம் எடுக்கலாம் என்ற யோசனையை அனுமதி இல்லாமல் நினைக்கவே வேண்டாம்.

ஸ்டூடியோ

நம் ஊர் ஸ்டூடியோக்காரர்கள் கல்யாணப் படத்தில் கைதேர்ந்தவர்கள். அங்கேதான் சிக்கலும். முகத்தில் சுருக்கம் தெரியக்கூடாது என்று இரண்டு பக்கமும் குடை விளக்கைச் சமமாக வைப்பது அவர்கள் பழக்கம். அதே விளக்கில் கொட்டானை வைத்தால், மணப்பெண்ணின் கன்னத்தைப் போல ஓலையையும் வழவழப்பாக்கிக் கொடுப்பார்கள். கொடுப்பதானால் கூட இருங்கள். "ஒரு விளக்கு மட்டும் போதும்ணே, அதையும் பக்கத்துல வைங்க, பின்னல் தெரியணும்" என்று சொல்லுங்கள். முதலில் ஒரு மாதிரி பார்ப்பார். ஒரு படம் எடுத்துப் பார்த்ததும் அவரே மூலைகளைத் தேட ஆரம்பித்துவிடுவார்.

மதுரையில் பொருட்களை மட்டுமே எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். வேலை சுத்தமாக இருக்கும். ராமநாதபுரத்திலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல், ராமேஸ்வரத்திலிருந்து நூற்று எழுபது. ஓலைப் பெட்டியை பஸ்ஸில் கொண்டுபோனால் வாய் நசுங்கும். ஒன்றுக்குள் ஒன்று அடுக்காமல், உள்ளே பழைய துணியை அடைத்து அட்டைப்பெட்டியில் தனித்தனியாக வைக்க வேண்டும். சங்குக்கு அந்தக் கவலை குறைவு. ஒரு படத்துக்கு இவ்வளவு என்று கூலி கேட்பார்கள். ஒரு கொட்டானில் நிற்கிற லாபத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால் அது பல சமயம் கட்டுப்படியாகாது.

கட்டுப்படியாகிற இடம் இரண்டு. ஒன்று, பெரிதாக அச்சடிப்பது. ஏ4 அளவு அச்சுக்கு ஏறக்குறைய 9 மெகாபிக்சல் போதும், போன் தாங்கும். ஏ3 என்றால் 17-க்கு மேல் வேண்டும். அதற்கு மேல் கண்காட்சிச் சுவருக்குப் போகிறது என்றால் நல்ல லென்ஸும் கேமராவும் உள்ளவரிடம் போவதே சரி. இரண்டு, பாட்டி காலத்துச் சாமான். இப்போது யாரும் முடையாத வடிவத்தில் ஒரு நார்ப்பெட்டியோ, பழைய சங்கு வளையலோ வீட்டில் இருந்தால், அது ஆவணம். அதற்கு ஆறு பக்கமும் படம் வேண்டும், பக்கத்தில் ஸ்கேல் வேண்டும், நிற அட்டை வேண்டும். அழகு இரண்டாம் பட்சம். இதை வாசலில் செய்ய முடியாதா என்றால், முடியும். பொறுமை வேண்டும்.

சரி, கேமரா?

கடந்த சில வருஷங்களில் வந்த நடுத்தர விலை போன் இருந்தால் விற்பனைப் படத்துக்கு அதுவே தாராளம். கிட்டே போய் எடுக்காதீர்கள். வாய் பெரிதாகி அடி சிறுத்து, கொட்டான் புனல் மாதிரித் தெரியும். இரண்டடி பின்னால் வந்து 2எக்ஸ் ஜூம் வைத்து எடுங்கள். பெட்டியை உட்கார்ந்த நிலையில் சற்று மேலிருந்தும், விசிறியை நேர் மேலிருந்தும், உயரமான தூக்குப் பெட்டியை அதன் இடுப்பு மட்டத்திலிருந்தும் எடுப்பது வழக்கம். சில போன்கள் தானாகவே கூர்மையைக் கூட்டி, கீற்றுகளின் விளிம்பில் வெள்ளைக் கோடு போட்டுவிடும். புரோ மோடில் அதைத் தவிர்க்கலாம். கையில் ஏற்கெனவே மிரர்லெஸ் கேமரா இருக்கிறதென்றால், ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 8 அல்லது 11, ஸ்டாண்ட். இல்லாதவர் இதற்காகக் கடன் வாங்கிப் புதிதாக வாங்க வேண்டியதில்லை. அந்தப் பணத்தில் ஓலை வாங்கலாம்.

யாருக்கு எது

வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுக்கிற, ஓலை மட்டும் செய்கிற மகளிர் குழு என்றால் வாசல், வேட்டி, ஒரு வெள்ளை சார்ட், போன் ஸ்டாண்ட். இதற்கு மேல் ஒரு ரூபாய் செலவழிக்க வேண்டாம். வாரத்தில் ஒருநாள், ஒரே நேரத்தில், சேர்த்து வைத்த பொருளையெல்லாம் எடுத்துவிட்டால் நிறம் மாறுகிற தொல்லையும் குறையும். ராமேஸ்வரத்தில் சங்கு, சிப்பிக் கடை வைத்திருந்து ஆன்லைனிலும் விற்கிறவர் என்றால் லைட் பாக்ஸ் வாங்கலாம், கருப்பு அட்டையோடு. கடையில் பகல் வெளிச்சமே வராது, ராத்திரிதான் ஓய்வு என்பது அவர்கள் நிலைமை. சிப்பி மட்டும் காலையில் வாசலுக்கு வரட்டும். ஓலை, சங்கு இரண்டையும் ஆன்லைன் தளத்தில் விற்கிற கடைக்காரர் முதல் படத்தை லைட் பாக்ஸில் எடுத்து, இரண்டாவது மூன்றாவது படங்களை வாசலில் எடுக்கலாம். முதல் படம் விதிக்கு, மற்றவை வாங்குகிறவருக்கு. கடற்கரைப் படம் எல்லோருக்கும் ஒன்று போதும், வருஷத்துக்கு ஒரு தடவை.

எந்த வழியில் எடுத்தாலும் முடைந்தவர் பெயரைப் படத்தோடு போடலாமா, கையோ முகமோ தெரியலாமா என்று அவரிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். சிலர் பெயர் போட்டால் சந்தோஷப்படுவார்கள், சிலர் வேண்டாம் என்பார்கள், இரண்டுமே அவர்கள் இஷ்டம். அப்புறம், வாங்குகிறவர் அச்சுக்குக் கேட்டால் வாட்ஸ்அப்பில் சாதாரணமாகப் படமாக அனுப்பாதீர்கள், அது சுருக்கித்தான் அனுப்பும். டாக்குமென்ட் என்று தேர்ந்தெடுத்து அனுப்பினால் எடுத்த அளவிலேயே போய்ச் சேரும்.